காட்டுக்குள்ளே பொங்கும் இயற்கை சோடா... வற்றிப்போன ஊற்றுகளை அமெரிக்கா மீட்டது எப்படி?

சோடா பாட்டிலைத் திறந்ததும் 'புஸ்ஸ்'னு பொங்குமே, அப்படி பூமிக்குள்ளிருந்தே தண்ணீர் பொங்கி வந்தால்? நியூயார்க் மாகாணத்தின் சரடோகா ஸ்பா பூங்காவில் அதை நேரிலேயே பார்க்கலாம். பைன் மரங்கள் அடர்ந்த இந்தப் பூங்காவின் ஓடை நடுவே, 'ஐலண்ட் ஸ்பவுட்டர்' என்ற ஊற்று ஆள் உயரத்துக்கும் மேலே பீய்ச்சி அடிக்கிறது.

பார்த்தால் வெந்நீர் ஊற்று மாதிரி தெரியும். தொட்டால் ஜில்லுனு இருக்கும்! காரணம், இங்கே தண்ணீரை மேலே தள்ளுவது வெப்பம் அல்ல, அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. ஆழத்தில், சுண்ணாம்புப் பாறை அடுக்கில் இருக்கும் நீரை மேலே உள்ள களிப்பாறை மூடி போட்டது போல அடைத்து வைத்திருக்கிறது. பாறைப் பிளவு வழியே நீர் மேலே வரும்போது அழுத்தம் குறைந்து வாயு நுரைத்துக் கிளம்புகிறது.

அந்த வாயுதான் ஊற்றுகளுக்கே வினையானது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சோடா தயாரிக்க இந்த வாயுவுக்கு கிராக்கி ஏற்பட, கம்பெனிகள் கிணறு தோண்டி, பம்ப் வைத்து உறிஞ்சத் தொடங்கின. வாயுவைப் பிரித்து விற்றார்கள். தண்ணீர்? பெருமளவு வீணாக ஓடியது. பல ஊற்றுகள் வற்றின. மருத்துவக் குளியலுக்கு வரும் கூட்டத்தை நம்பியிருந்த ஊருக்கு இது வயிற்றில் அடித்த கதை.

1908-ல் இப்படி பம்ப் வைத்து உறிஞ்சுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, ஊற்றுகளையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கிப் பாதுகாக்க மாகாண அரசு களமிறங்கியது. 'என் நிலம், என் கிணறு, நான் எடுப்பதை யார் கேட்பது?' என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலத்தடியில் இருப்பது எல்லா நில உரிமையாளர்களுக்கும் பொதுவான இருப்பு, ஒருவரே உறிஞ்சி மற்றவர்களுக்கு இல்லாமல் செய்வதை அரசு தடுக்கலாம் என்று 1911-ல் தீர்ப்பானது. நம்ம ஊர் போர்வெல் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கு புதுசாகத் தெரியாது.

பிறகு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மாகாண ஆளுநராக இருந்தபோது தனி அக்கறை காட்ட, பிரம்மாண்டமான குளியல் மாளிகைகள் எழும்பி 1935-ல் திறக்கப்பட்டன. 1962-ல் இது மாகாணப் பூங்கா ஆனது. பரப்பு 2,000 ஏக்கருக்கும் மேல்.

இன்றும் பாட்டிலோடு வந்து ஊற்று நீரைப் பிடித்துச் செல்பவர்கள் உண்டு. ஊற்றுக்கு ஊற்று ருசி மாறும். ஒன்றில் உப்பு தூக்கல், இன்னொன்றில் இரும்பு வாடை. சோடியம் அதிகம் என்பதால் பிபி இருப்பவர்கள் குடிக்கும் முன் யோசிப்பது நல்லது. பலருக்கு முதல் மடக்கிலேயே முகம் சுளித்துவிடும்!