அட்டையைப் பார்த்து வாங்கலாமா?

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆலங்குளம் தெரியாமல் இருக்காது. காய்கறிச் சந்தைக்கும் பீடி சுற்றும் தொழிலுக்கும் பேர்போன ஊர். இந்த மாதிரி ஊர்களில் பல காலம் வரை புத்தகக் கடை என்றால் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைதான். வாழைத்தாருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு. துணி காயப் போட்டதுபோல அதில் வாரப் பத்திரிகைகளும் மாத நாவல்களும் கிளிப் மாட்டித் தொங்கும். எடுத்துப் புரட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். பஸ்ஸோ உறுமிக்கொண்டு நிற்கும். அரை நிமிஷத்தில் முடிவு செய்தாக வேண்டும். எதை வைத்து? அட்டையை வைத்துத்தான்!

அட்டையைப் பார்த்துப் புத்தகத்தை எடை போடக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் பழமொழி சொல்வார்கள். அவர்களுக்குப் புரட்டிப் பார்க்க நேரம் இருந்தது போலும்.

பெரிய எழுத்து

நம் பக்கத்தில் அட்டையின் மகிமையை முதலில் உணர்ந்தவர்கள் ஓவியர்கள் அல்லர், வியாபாரிகள். சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ், ஆர். ஜி. பதி கம்பெனி முதலிய பிரசுரகர்த்தர்கள் நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை ஆகியவற்றை வெளியிட்டார்கள். திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் அவை விற்பனையாயின. கதையின் பேரோடு சேர்த்து 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும், வெள்ளெழுத்து விழுந்தவருக்கும், ராத்திரி சிமினி விளக்கு வெளிச்சத்தில் நாலு பேருக்கு உரக்க வாசித்துக் காட்டப் போகிறவருக்கும் வேறு என்ன தெரிய வேண்டும்? நல்லதங்காள் கதைதான் எல்லோருக்கும் தெரியுமே!

பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பாம்புப் படம். எழுத்தே தெரியாதவரும் பாம்பைப் பார்த்து வாங்கிவிடலாம். படமே புத்தகத்தின் பேராகிவிட்டது. 'அசல்' என்ற சொல்லும் 28 என்ற எண்ணும் அந்தப் பேரோடு சேர்ந்தே வழங்குகின்றன. 'அசல்' என்று சொல்ல வேண்டி வந்ததிலிருந்தே அந்த அட்டைக்கு இருந்த கிராக்கியை ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான ரகமும் உண்டு. 1920-ல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் இலக்கிய நூல்களில் படக் கவர்ச்சியைத் தேடிப் பயனில்லை. கழகத்தின் பேரைக் கண்டால் போதும், பாடம் சரியாக இருக்கும் என்று தமிழாசிரியர்கள் வாங்கினார்கள். இங்கிலாந்தில் 1935-ல் ஆலன் லேன் தொடங்கிய பெங்குவின் புத்தகங்களிலும் அட்டையில் கவர்ச்சிப் படம் இல்லை. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். விலை ஆறு பென்ஸ். நிறத்தைப் பார்த்தே ஜனங்கள் வாங்கினார்கள்.

ஒரே கதை, பல அட்டைகள்

அட்டை நம் மனத்தை எப்படி இழுக்கிறது என்று சோதித்துப் பார்க்கத் தமிழ் வாசகருக்கு வாய்த்ததுபோல் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியபோது சித்திரம் தீட்டியவர் மணியம். அப்போது வாசகர்கள் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். அந்த பைண்டுக்கு ஏது அட்டைப் படம்? காலிகோ முதுகு, மையால் எழுதிய பேர், அவ்வளவுதான். ஆனாலும் ஊரெல்லாம் கைமாறியது.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று. புத்தகக் கண்காட்சிக்குப் போனால் கடைக்குக் கடை 'பொன்னியின் செல்வன்'! 2022-லும் 2023-லும் திரைப்படம் வந்தபின் கேட்க வேண்டியதே இல்லை. உள்ளே இருக்கும் கதை ஒன்றே. அப்படியிருக்க, ஒரு கடையில் மட்டும் கை நீளுவானேன்? குதிரைமேல் வந்தியத்தேவன், உயர்ந்த கொண்டையோடு குந்தவை என்று மணியம் நம் மனத்தில் பதித்துவிட்ட சாயல் எந்த அட்டையில் அதிகம் தெரிகிறதோ, அதைக் கண்டதும் பழகிய முகத்தைப் பார்த்ததுபோல் நின்றுவிடுகிறோம்.

ஆபத்தும் இங்கேதான். மூலம் ஐந்து பாகங்கள். ஒரே பாகமாகச் சுருக்கி வெளியிட்டவைகளும் அதே குதிரையோடு, அதே கொண்டையோடு அடுக்கில் இருக்கின்றன. 'சுருக்கம்' என்ற சொல் பொடி எழுத்தில் இருந்தால் யார் கவனிக்கிறார்கள்? வருஷம் ஒரு தடவை புத்தகம் வாங்கும் குடும்பத்துக்கு, வீட்டுக்குப் போய்ப் பிரித்தபின் தெரிந்து என்ன பயன்! ஆசை தீர அட்டையைப் பாருங்கள். பணம் கொடுக்குமுன் ஓரத்துப் பொடி எழுத்தையும் பாருங்கள்.

பெட்டிக்கடைக் கயிற்றுக்கு வருவோம். 1969-ல் அகிலனின் 'பொன்மலர்' முதல் இதழாக 'ராணி முத்து' புறப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் மாத நாவல்கள் பெருகின. அட்டையில் சிரிக்கும் நடிகைக்கும் உள்ளே நடக்கும் கொலைக்கும் எள்ளளவும் சம்பந்தம் இராது. வாசகர் இதில் ஏமாந்துபோனார் என்று நினைக்காதீர்கள். நடிகையைத் தாண்டி ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்ற பேர்களைத் தேடக் கற்றுக்கொண்டுவிட்டார். 2008-ல் சென்னை பிளாஃப்ட் நிறுவனம் இந்த ரகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, ஓவியர் ஷ்யாமின் துப்பாக்கி ஏந்திய பெண்ணை அட்டையில் போட்டது. நம் ஊரில் ஆசிரியர் பேருக்காக வாங்கியதை நகரத்து ஆங்கில வாசகர்கள் அட்டைக்காக வாங்கினார்கள்!

நூலகத்தில் கதை வேறு. நைந்த புத்தகத்தை மறுபடி பைண்டு செய்யும்போது முதலில் பலியாவது மூல அட்டைதான். பிறகு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அப்போது வாசகர் எதைப் பார்க்கிறார் தெரியுமா? அழுக்கை! ஓரம் கறுத்து, பக்கம் மடங்கியிருந்தால், நாலு பேர் படித்த புத்தகம், நன்றாகத்தான் இருக்கும் என்று எடுக்கிறார்.

இப்போது பல பெட்டிக்கடைகளில் அந்தக் கயிற்றில் சிப்ஸ் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. ஆலங்குளத்துப் பெண் கைப்பேசியிலேயே புத்தகம் வாங்கலாம். அங்கே அட்டை தபால் தலை அளவுதான் தெரிகிறது. நுணுக்கமான சித்திரம் வெறும் கறையாகத் தோன்றுகிறது. அதனால் புதுப் புத்தகங்கள் பலவற்றில் படம் சுருங்கி, தலைப்பு அட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மறுபடியும் பெரிய எழுத்து! ஒரு சௌகரியம்: சில புத்தகங்களுக்கு முதல் சில பக்கங்களைக் காசு கேட்காமல் புரட்டிப் பார்க்க விடுகிறார்கள். முகம் சுளிக்க அங்கே கடைக்காரர் இல்லை.