ரொட்டி அட்டை
பெர்லின், முதல் உலகப் போர்க்காலம். அச்சிட்ட காகிதம்

கட்டங்களில் உள்ள கிராம் அளவைப் பாருங்கள். ரொட்டி வாங்கும்போது கடைக்காரர் அந்த அளவுக்குரிய கட்டங்களை நறுக்கி எடுத்துக்கொள்வார். கட்டம் தீர்ந்தால் கையில் காசு இருந்தும் பயனில்லை.

பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு வரும் உணவு குறைந்தது. 1915 தொடக்கத்தில் பெர்லினில் ரொட்டிப் பங்கீடு வந்தது. மாவில் உருளைக்கிழங்கும் கலந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன்பே வரிசையில் நின்றும் பல நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வசதி படைத்தவர்களுக்கோ கள்ளச் சந்தையில் எல்லாம் கிடைத்தது. பசியைவிட இந்த அநியாயமே அந்தப் பெண்களை அதிகம் கொதிக்க வைத்தது. 1915 அக்டோபரில், பெர்லினை ஒட்டிய லிஷ்டன்பெர்க்கில் வெண்ணெய் விலை ஏறியதும் பெண்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். வரிசைகளில் என்ன பேசுகிறார்கள் என்று காவல்துறை ஒட்டுக்கேட்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. அந்தப் பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. ஆனாலும் அவர்கள் பேச்சுக்கு அரசு அஞ்சியது.

1916 இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கால்நடைத் தீவனமான ஒருவகைக் கிழங்கையே மக்கள் தின்றார்கள். 1917 ஏப்ரலில் மாவுப் பங்கு நாளொன்றுக்கு 200 கிராமிலிருந்து 170 கிராமாகக் குறைக்கப்பட்டது. உடனே பெர்லினில் 2 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களும் அதில் திரளாக இருந்தார்கள்.