சமையல் பக்கத்துக்கு ஒரு வயசு



நம் மடலில் சமையல் பக்கம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆச்சு. கம்பங்கூழ், முருங்கைக்கீரை அடை, கொள்ளு ரசம் என்று மாசம் ஒன்றாக எழுதினோம். எழுத எழுதத்தான் புரிந்தது, நமக்குச் சமைக்கத் தெரியும், அளவு சொல்லத் தெரியாது.

மாங்காய் ஊறுகாய்க்கு ‘ஒரு டம்ளர் உப்பு’ என்று எழுதியிருந்தோம். நாங்கள் அளந்தது தூள் உப்பு. அதைப் படித்த ஒரு குழு அதே டம்ளரில் கல் உப்பு போட்டது. கல் உப்பில் நடுவே நடுவே சந்து இருக்கும். டம்ளர் நிறைந்தாலும் எடை குறைவு. உப்பு பத்தாமல், விற்க வைத்திருந்த ஊறுகாய் பூசணம் பிடித்துப்போச்சு. உள்கடன் எடுத்து வாங்கிய மாங்காயும் நல்லெண்ணெயும் வீண். தப்பு எங்களுடையதுதான்.

அதற்கப்புறம் உப்பைத் தராசில் வைத்துத்தான் எழுதுகிறோம். 1 கிலோ மாங்காய்த் துண்டுக்கு 200 கிராம். கல்லோ தூளோ, எடை எடைதான்.

படிக் கணக்கும் இப்படித்தான். 1 படிக்கு 8 ஆழாக்கு என்பது சரி, ஆனால் உங்கள் ஊர்ப் படியும் எங்கள் ஊர்ப் படியும் ஒன்றல்லவே! வீட்டு இட்லிக்கு ஒரே ஆழாக்கால் அரிசி 4, உளுந்து 1 என்று அளந்தால் கவலையில்லை. விற்பனைக்கு என்றால் தராசு வேணும்.

‘கைப்பிடி’, ‘சிட்டிகை’ என்று நீங்கள் அனுப்பும் குறிப்புகளை இனி செய்து, நிறுத்துப் பார்த்துத்தான் போடுவோம். கருவேப்பிலைக்கு மட்டும் கைப்பிடியே போதும்.