ஒரே கோப்பு, இரண்டு ஓசையா?

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறும் வழியில் இருக்கிறது காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் 1986இல் அதே பெயர் சூட்டப்பட்டது. தொலைநோக்கி சேகரிக்கும் நட்சத்திர ஒளி சிசிடி சில்லில் பட்டு எண்களாக மாறுகிறது. வானியலாளர்கள் இத்தகைய எண்களைப் போட்டுவைக்கும் ஃபிட்ஸ் கோப்புக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புத் தொகையையும் எழுதிவைக்க இடம் உண்டு. நகலெடுக்கும்போது ஓர் எண் பிசகினாலும் தொகை காட்டிக்கொடுத்துவிடும். விலை கூடிய கேபிளில் அனுப்பினால் நட்சத்திரம் இன்னும் பளிச்சென்று தெரியும் என்று அங்கே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

பாட்டுப் பிரியர்கள் கூடும் இடத்தில் சிரிக்க மாட்டார்கள். ஒரே பாட்டு பென்டிரைவிலிருந்து வந்தால் ஒரு மாதிரி, ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்தால் இன்னொரு மாதிரி என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டுக் கோப்பும் வெறும் எண் வரிசைதான். 1982இல் சோனியும் ஃபிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த சிடியில், ஒரு காதுக்கு விநாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. இரண்டு கோப்புகள் ஒன்றுதானா என்று பார்ப்பது எளிது. ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தி வைத்து, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். அச்சு அசலாக ஒன்றென்றால், மேலே போகும் ஒவ்வொரு எண்ணையும் கீழே போகும் எண் தின்றுவிடும். மிஞ்சுவது சுத்தமான மௌனம். ஒரே ஓர் எண் மாறியிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கீறல் விழுந்த சிடியிலிருந்து எடுத்த நகல்களில் அப்படி முள் வரலாம். பாதையின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கெட்டுப்போனாலும், ரீட்-சாலமன் என்ற கணக்கால் இழந்த எண்களை அப்படியே மீட்டுவிட முடியும். அதைத் தாண்டினால் கருவி பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பிவிடும். கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு அது அதே கோப்பு அல்ல.

சரி, கோப்பு ஒன்றேதான், இருந்தும் ஓசை மாறுகிறதே என்றால்? மாறும், தாராளமாக. எண்கள் காற்றசைவாகும் வழியில் நூறு கைகள் நுழைகின்றன. ஒரு செயலி சத்தத்தைத் தானாகக் குறைக்கும். இன்னொன்றில் யாரோ எப்போதோ கூட்டிவைத்த பாஸ் அப்படியே கிடக்கும். ப்ளூடூத் பாட்டை மறுபடி சுருக்கி அனுப்பும். வானியலிலும் இப்படித்தான்: ஒரே ஃபிட்ஸ் கோப்பைத் திரையில் நேர்விகித அளவில் காட்டினால் கறுப்பு வானம். மடக்கை அளவுக்கு மாற்றினால் புகைபோல நெபுலா எழுந்துவரும். கோப்பில் ஓர் எண்ணும் மாறவில்லை.

எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லின் கடிகாரம் நடுங்கினாலும் ஓசை கெடும். இது கட்டுக்கதை அல்ல, அளந்து காட்டக்கூடியது. ஆனால் ஒழுங்காகச் செய்த இன்றைய கருவிகளில் அது காதுக்கு எட்டும் அளவில் இல்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசத்தை நாற்காலியே செய்துவிடும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஓரிடத்தில் கூடும், சில விரற்கடை தள்ளினால் கழியும். கேபிளை மாற்ற எழுந்துபோய்த் திரும்பி உட்கார்ந்தவரின் தலை பழைய இடத்துக்கா வந்திருக்கும்? சத்தமும் அப்படித்தான். அரை டெசிபலுக்குக் குறைவாகக் கூடினால் சத்தம் கூடியதாகத் தோன்றாது. தெளிவு கூடியதாகத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேல், மனம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போன இரவில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி, மறைவதற்கு முன்பே அதன் ஒளி சட்டென்று மங்கியதைப் பதிவுசெய்தது. வானியலாளர்கள் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள் என்று கருதி, ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்ததில் அது யுரேனஸின் வளையம். பதிவு அதேதான்; பொருள்தான் மாறியது. தேர்ந்த கண்களுக்கே இப்படியென்றால், புதுக் கேபிளுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு வந்த காதைக் கேட்பானேன்.

2007இல் பிராட் மேயரும் டேவிட் மோரனும் காதுகளுக்கு வைத்த ஒரு கடுமையான சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கின் ஓசை ஒன்று, அதையே சிடி தரத்துக்கு இறக்கியது இன்னொன்று. எது எதுவென்று கேட்பவருக்குத் தெரியாது. 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும்.

சந்தேகம் தீராதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சத்தத்தைக் கருவியால் அளந்து சமப்படுத்திவிட்டு, கணினியில் எதை ஓட்டுவதென்று தீர்மானிக்க இன்னொருவரைப் பக்கத்து அறையில் உட்காரவைக்க வேண்டும். முகம் தெரியக் கூடாது. முகமே விடையைச் சொல்லிவிடும். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம். குருட்டு ஊகத்தில் அந்த அளவு அமைய 100க்கு 4 வாய்ப்புதான். அப்படி ஒருவர் தேறினால், முதலில் சோதிக்க வேண்டியது அந்த இரண்டு கோப்புகளையும் மேலே சொன்ன தலைகீழ் அலைக் கணக்கில்.