ஓடுற மெஷின் எல்லாம் உழைக்கிற மெஷின் இல்ல: பிட்காயின் மைனிங் கருவி எவ்வளவு கரன்ட் இழுக்கும், எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளில் சிலர் வீட்டில் ஒரு விநோதமான ரூம் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான உலோகப் பெட்டி. முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். ஆன் செய்தால் அறை சூடாகும். அதன் பெயர் ஆன்ட்மைனர் எஸ்9.

2016-ல் சந்தைக்கு வந்தபோது இது ஹீட்டர் அல்ல. உலகின் பெரிய பிட்காயின் மைனிங் கூடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்த மெஷின் இதுதான். ரிப்பேர் ஆகித்தான் இந்த நிலைக்கு வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அன்று செய்த வேலையை அதே வேகத்தில் இன்றும் செய்கிறது. ஆனால், அது சம்பாதிக்கும் காசு, அது இழுக்கும் கரன்ட்டுக்கே கட்டுப்படியாகவில்லை.

"செகண்ட் ஹேண்ட் மைனிங் மெஷின், நல்ல கண்டிஷன், இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு" என்று விளம்பரம் வந்தால் நம்மில் பலருக்கும் ஒரு சபலம் வரும். வீட்டு மூலையில் வைத்தால் தூங்கும்போதும் காசு வருமே! அந்தச் சபலத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த மெஷின் எவ்வளவு கரன்ட் சாப்பிடும்? எத்தனை நாள் தாங்கும்? தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அப்படி என்ன வேலை செய்கிறது?

எளிமையாகச் சொன்னால், லாட்டரிச் சீட்டு சுரண்டும் வேலை. பிட்காயின் பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை, அதாவது 'பிளாக்'கை, பதிவேட்டில் சேர்க்க ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து, சரியா தப்பா என்று சோதிப்பது ஒன்றே வழி. முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசாகப் புது பிட்காயின் கிடைக்கும்.

எஸ்9 ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 13.5 லட்சம் கோடி முறை இப்படி முயற்சி செய்யும். ஒரு லட்சம் கோடி முயற்சி என்பது ஒரு டெராஹாஷ். எனவே, இதன் வேகம் 13.5 டெராஹாஷ்.

இந்த மெஷினுக்குள் இருக்கும் சிப் இந்த ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது. கேம் விளையாட முடியாது, வீடியோ எடிட் செய்ய முடியாது. இன்னொரு விஷயம், இதற்கு ஓய்வே கிடையாது. நம் லேப்டாப் முழு வேகத்தில் ஓடுவது ஒரு நாளில் சில நிமிடங்கள்தான். மைனிங் மெஷின் 24 மணி நேரமும், 365 நாளும் முழு வேகத்தில் ஓடும். ஓடினால்தான் காசு.

கரன்ட் மீட்டர் எவ்வளவு சுத்தும்?

பைக்குக்கு மைலேஜ் மாதிரி மைனிங் மெஷினுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டெராஹாஷ் வேலைக்கு எத்தனை ஜூல் மின்சாரம் செலவாகிறது என்பதே அது. எஸ்9-க்கு சுமார் 98 ஜூல். 2020-ல் வந்த எஸ்19 ப்ரோவுக்கு 29.5 ஜூல். அதற்கும் பின்னால் வந்த எஸ்21-க்கு 17.5 ஜூல். சில ஆண்டுகளிலேயே மைலேஜ் ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

ஆனால், மெஷின் இழுக்கும் மொத்த கரன்ட் குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. எஸ்9 ஏறக்குறைய 1,320 வாட் எடுத்தது. எஸ்21 எடுப்பது 3,500 வாட். மிச்சமான மின்சாரத்தை எல்லாம் வேகத்தைக் கூட்டவே பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால் எஸ்21-ன் வேகம் 200 டெராஹாஷ்.

நாளொன்றுக்கு எஸ்21 சாப்பிடுவது 84 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குத் தரப்படும் 100 இலவச யூனிட்டையும் ஒன்றேகால் நாளுக்குள் காலி செய்துவிடும்.

இதே 200 டெராஹாஷ் வேலையைப் பழைய எஸ்9 மெஷின்களை வைத்துச் செய்தால்? 15 மெஷின்கள் வேண்டும். நாளொன்றுக்கு 475 யூனிட் ஆகும். வேலை ஒன்று, பில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

அந்த கரன்ட் எல்லாம் எங்கே போகுது?

சூடாகத்தான் வெளியே வருகிறது. மோட்டார் என்றால் கொஞ்சம் கரன்ட் சுழற்சியாக மாறும். பல்பு என்றால் கொஞ்சம் வெளிச்சமாகும். மைனிங் மெஷினில் உள்ளே போகும் ஏறக்குறைய அத்தனை மின்சாரமும் வெப்பமாக மாறிவிடுகிறது. எஸ்9 நல்ல ஹீட்டராக இருப்பதன் ரகசியம் இதுதான்.

குளிர்நாட்டில் அது வரம். 38 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில்? ஒரு டன் ஏசி என்பது, மணிக்கணக்காக அறையிலிருந்து சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். எஸ்21 கக்கும் வெப்பமும் அதே 3,500 வாட். அதாவது, ஒரு மெஷினை மூடிய அறையில் வைத்தால், அதன் சூட்டை மட்டும் வெளியேற்ற ஒரு டன் ஏசி ஒன்று இடைவிடாமல் ஓட வேண்டும். அந்த ஏசியின் கரன்ட் பில் தனி. விளம்பரத்தில் இருக்கும் வாட் கணக்கில் இது வராது.

சத்தமும் உண்டு. இந்த ஃபேன்களின் இரைச்சல் 75 டெசிபல் அளவுக்குப் போகும். பக்கத்தில் வேக்குவம் கிளீனர் நிற்காமல் ஓடுவதுபோல இருக்கும். "தூங்கும்போதும் காசு வரும்" என்பதில் முதலில் போவது தூக்கம்தான்.

முதல்ல எது போகும்?

சூடு எங்கே சேர்கிறதோ அங்கேதான் பழுதும் ஆரம்பிக்கும்.

ஃபேன்: நாள் முழுக்கச் சுற்றுவதால் பேரிங் தேயும். தூசி படிந்தால் காற்றோட்டம் குறையும். ஃபேன் நின்றால் மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மாற்றுவது சுலபம், செலவும் குறைவு.

பவர் சப்ளை: இதில் இருக்கும் மின்னாற்பகுப்பு கெபாசிட்டர்களுக்கு ஆயுள் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுவான விதி. அதோடு வோல்டேஜ் ஏற்ற இறக்கம், இடி மின்னல் என எல்லா அடியும் முதலில் விழுவது இதன் தலையில்தான்.

ஹாஷ் போர்டு: மெஷினின் உயிர் இங்கேதான். எஸ்9-ல் மூன்று போர்டுகள், ஒவ்வொன்றிலும் 63 சிப்கள். சீரியல் பல்பு மாலையில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும் இல்லையா, அதுபோல இங்கேயும் சிக்னல் ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒரு சிப் செத்தால் பல நேரங்களில் முழு போர்டும் படுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு வருமானம் அவுட்.

சிப் சாகாமலேயே போர்டு போவதும் உண்டு. சூடானால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். அடிக்கடி கரன்ட் போய்ப் போய் வந்தால் இந்த விரிதலும் சுருங்கலும் சால்டரிங் இணைப்புகளில் நுண்ணிய விரிசலை உண்டாக்கும். எந்நேரமும் ஒரே சூட்டில் ஓடும் மெஷினைவிட அடிக்கடி நின்று நின்று ஓடும் மெஷின் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டு பிளக் பாயின்ட்டையும் மறக்கக் கூடாது. 230 வோல்ட்டில் 3,500 வாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் சாக்கெட்டின் விளிம்பில், நாள் கணக்கில் ஓடுகிறது என்று அர்த்தம். கீசர்கூட கால் மணி நேரத்தில் நின்றுவிடும். இது நிற்காது. பழைய வயரிங் என்றால் மெஷினுக்கு முன்னால் சாக்கெட் உருகிவிடும்.

நல்லா ஓடுறதும் ஏன் 'சாகுது'?

இந்த மெஷின்களுக்கு இரண்டு விதமான சாவு உண்டு. ஒன்று, சூட்டில் சாவது. இன்னொன்று, கணக்குப் புத்தகத்தில் சாவது. பெரும்பாலும் இரண்டாவதுதான் முந்திக்கொள்கிறது.

சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது பிட்காயினின் விதி. உலகில் மெஷின்கள் கூடினால் பிளாக் வேகமாக வரக் கூடாது என்பதற்காக, 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிர் தானாகவே கடினமாக்கப்படும். ஊரில் எல்லோரும் வேகமான மெஷின் வாங்கினால் பரிசு கூடாது. நம் பங்கு குறையும், அவ்வளவுதான். அதோடு நான்கு வருடத்துக்கு ஒருமுறை பரிசும் பாதியாகும். 2024 ஏப்ரலில் அது 6.25-லிருந்து 3.125 பிட்காயின் ஆனது. அன்று மெஷினில் எதுவும் மாறவில்லை, கரன்ட் பில்லும் மாறவில்லை. வருமானம் மட்டும் பாதியானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-ல் பிட்காயின் நெட்வொர்க்கின் மொத்த வேகம் 100 கோடி டெராஹாஷைத் தொட்டது. அதையே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு உருவாகும் புது பிட்காயின் சுமார் 450. இதில் எஸ்21-ன் பங்கு 0.00009 பிட்காயின். தனியாக மைனிங் செய்தால் சராசரியாக 95 வருடத்துக்கு ஒரு பிளாக் கிடைக்கும்! அதனால்தான் பல ஆயிரம் பேர் 'பூல்' என்ற கூட்டணியில் சேர்ந்து, கிடைப்பதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 84 யூனிட்டுக்கு 672 ரூபாய். கரன்ட் காசு மட்டும் திரும்ப வரவே ஒரு பிட்காயினின் விலை சுமார் 75 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும். எஸ்9-க்கு இதே கணக்கைப் போட்டால் பிட்காயின் விலை 4 கோடி ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். "நல்ல கண்டிஷன், ஓடிக்கிட்டிருக்கு" என்ற விளம்பரத்தில் சொல்லாமல் விட்டது இந்த இடைவெளியைத்தான்.

இந்தியாவில் இன்னொரு அடியும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30% வரி. மைனிங்குக்காகச் செய்யும் உள்கட்டமைப்புச் செலவை அடக்க விலையாகக் கழிக்க முடியாது என்று மத்திய நிதி அமைச்சகம் 2022 மார்ச்சில் மக்களவையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. லாபத்தில் 30% அல்ல, விற்ற தொகையில் 30%. செஸ் சேர்க்காமலே, எஸ்21-ன் 75 லட்சம் என்ற கணக்கு ஒரு கோடியே 6 லட்சத்தைத் தாண்டிவிடும். மெஷின் வாங்கிய காசும் ஏசி பில்லும் இதில் இன்னும் சேரவில்லை.

ஓடாமலே சம்பாதித்த மெஷின்கள்

அப்படியானால் யார்தான் லாபம் பார்க்கிறார்கள்? மலிவான மின்சாரத்தை மொத்தமாக வாங்குபவர்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராக்டேல் என்ற சிற்றூரில் ரையட் நிறுவனத்தின் பிரம்மாண்டமான மைனிங் கூடம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் கடும் வெயில். ஏசிகள் எகிற, மின்தேவையும் எகிறியது. அந்த நிறுவனம் மெஷின்களை நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்ட மின்சாரத்தை எடுக்காமல் விட்டதற்காகவும், தேவைப்படும்போது நிறுத்தத் தயாராக இருந்ததற்காகவும் அந்த ஒரு மாதத்தில் அதற்குக் கிடைத்த சலுகைத் தொகை 3.17 கோடி டாலர். அதே மாதத்தில் மைனிங்கில் கிடைத்தது 333 பிட்காயின். அன்றைய விலையில் ஒரு கோடி டாலருக்கும் குறைவு.

விரும்பியபோது அணைக்கக்கூடிய வாடிக்கையாளர் மின் கட்டமைப்புக்கு உதவி என்கிறது ஒரு தரப்பு. இந்த உதவிக்கான பணத்தை கடைசியில் கட்டுவது சாதாரண மின் நுகர்வோர்தானே என்று கேட்கிறது மறுதரப்பு.

நிறுத்தினாலும் மெஷின் பத்திரம் என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் வீசிய பனிப்புயலில் ராக்டேல் கூடத்தின் குழாய்கள் சேதமடைந்து, சுமார் 17,000 மெஷின்கள் முடங்கின. ஈரானில் கதை வேறு. 2021 கோடையில் நகரங்கள் இருளில் மூழ்க, அரசு மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மைனிங்குக்கே தடை போட்டது. மெஷின் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதன் பின்னால் இருக்கும் கரன்ட் எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் அதன் ஆயுள்.

உலக அளவில் பிட்காயின் மைனிங் ஆண்டுக்கு 138 டெராவாட் மணி, அதாவது 13,800 கோடி யூனிட் மின்சாரம் எடுப்பதாக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் மதிப்பிட்டார்கள். உலக மின் பயன்பாட்டில் ஏறக்குறைய அரை சதவீதம். இது தவிர்க்க முடியாததும் அல்ல. எத்தீரியம் 2022 செப்டம்பரில் இந்தப் புதிர் முறையையே கைவிட்டு, தன் மின் பயன்பாட்டை 99 சதவீதத்துக்கு மேல் குறைத்துக்கொண்டது.

வாங்கியே ஆகணும்னா?

'ஓடுதா' என்ற கேள்வி போதாது. ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல்? மூன்று போர்டுகளும் முழு வேகம் காட்டுகின்றனவா? குறைந்தது ஒரு நாள் தொடர்ந்து ஓடிய பதிவு இருக்கிறதா? சிப்களின் வெப்பம் எவ்வளவு? வாரன்ட்டி எத்தனை நாள் பாக்கி? புது மெஷினுக்கே அது வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்தான்.

மைனிங்கில் ஓடிய கிராபிக்ஸ் கார்டு என்றால் நிலைமை கொஞ்சம் தேவலை. ஃபேனையும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினால் கேமுக்காவது உதவும். பிட்காயின் மெஷினுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கட்டுப்படியாகாத நாளிலிருந்து அது 75 டெசிபல் சத்தம் போடும் ஹீட்டர் மட்டும்தான். கனடாவில் அதற்கு வேலை இருக்கிறது. சென்னை மே மாதத்தில் இல்லை.