வெளுத்த பவளத்துக்கு என்ன வைத்தியம்?

கண்ணாடித் தொட்டியில் பவளம் வாடினால் மின்விசிறி போடலாம், நீரை மாற்றலாம். மன்னார் வளைகுடாவில் வாடினால்?

சந்திரகிரியில் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. விஜயநகர அரசின் கடைசிக் காலத்தில் தலைநகராக விளங்கிய இந்த ஊர் திருப்பதிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஊரில் கடல் நீர்த் தொட்டி வைக்க இன்று யாரும் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. பாக்கெட்டில் வரும் செயற்கைக் கடல் உப்பைச் சுத்திகரித்த நீரில் கரைத்தால் போதும். சிரமம் அதற்குப் பிறகுதான். வெளியே 41 டிகிரி கொளுத்தும்போது தொட்டி நீர் 26 டிகிரியில் நிற்க வேண்டும். அதில் பவளம் வளர்ந்தால் கவலை இரட்டிப்பு. மின்சாரம் போய், நீரைக் குளிரவைக்கும் சில்லர் சில நாட்கள் நின்றுவிட்டால் பழுப்பும் பச்சையுமாக இருந்த பவளம் எலும்பு போல வெளிறத் தொடங்கிவிடும்.

2016-ம் ஆண்டு கோடையில் இதே கதை தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாவில் நடந்தது. கடல் நீரின் வெப்பம் வாரக்கணக்கில் 30 டிகிரிக்கு மேலேயே நின்றது. தீவுகளைச் சுற்றியிருந்த பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுப்படி, அதற்கு முந்தைய ஆண்டில் பாறைப் பரப்பில் சுமார் 39 சதவீதத்தை மூடியிருந்த உயிருள்ள பவளம் சுமார் 23 சதவீதமாகச் சரிந்தது. இங்கே எந்த சில்லரும் பழுதாகவில்லை. பழுதானது பருவம்.

மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் ஆழத்தில் விளைவது. பாறை கட்டும் பவளம், கடுகு முதல் நாணயம் வரை அளவுள்ள பாலிப் என்ற உயிர்களின் கூட்டம். ஒவ்வொரு பாலிப்பும் தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொண்டே போகிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைப்பது இந்தக் குடித்தனக்காரர் வேலை. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம்வரைகூட இப்படிக் கிடைக்கும். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியின் உபயம்.

நீர் சூடானால் பாசியின் சமையல் கெடுகிறது. உணவோடு நச்சான ஆக்சிஜன் சேர்மங்களும் உண்டாகின்றன. பவளம் குடித்தனக்காரரை வெளியேற்றிவிடுகிறது. சதை கண்ணாடிபோல ஆகி, அடியில் இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதுதான் வெளுத்தல். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் சாவுதான்.

எல்லாமா, ஒன்று மட்டுமா?

தொட்டியில் பவளம் வளர்த்துப் பழகியவர்கள் கேட்கும் முதல் கேள்வி எளிமையானது: எல்லாப் பவளங்களும் ஒரே சமயத்தில் வாடுகின்றனவா, அல்லது ஒன்று மட்டுமா? எல்லாம் வாடினால் குற்றம் நீரில். வெப்பம், உப்பு, மின்தடையால் ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவு, தப்பித் தவறி விழுந்த மருந்து என்று தேட வேண்டும். மீன்களின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊற்றும் தாமிர மருந்து பவளத்துக்கு விஷம். ஒன்று மட்டும் வாடினால் குற்றம் அக்கம்பக்கத்தில். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கத்துப் பவளம் நீளமான கொட்டும் இழைகளை நீட்டியிருப்பது தெரியலாம். மீன் கொத்தியிருக்கலாம். தட்டைப்புழு ஒட்டியிருக்கலாம்.

அடுத்தது நிறம். சதை ஒட்டியிருக்க, நிறம் மட்டும் போயிருந்தால் வெப்பமோ திடீர் வெளிச்சமோ காரணம். பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புதிய விளக்கை முழுப் பிரகாசத்தில் போட்டாலே இது நடக்கும். அடிப்பகுதியிலிருந்து சதையே உரிந்து வெறும் எலும்பு தெரிந்தால் அது வெளுத்தல் அல்ல, சதை அழிவு. நீரின் கார அளவு ஏறி இறங்கினாலும் இது வரும், கிருமியாலும் வரும். நல்ல நுனிகளை வெட்டி வேறிடத்தில் நட்டுக் காப்பாற்றுவதுதான் அப்போது வழி. நிறம் மங்கிப் பழுப்பேறினால், வெளிச்சம் குறைந்தோ நீரில் கழிவு மிகுந்தோ உள்ளே பாசி பெருகிவிட்டது என்று பொருள்.

அளவுகள் ரகசியமானவை அல்ல. வெப்பம் 24 முதல் 27 டிகிரி. உப்பு கிலோவுக்கு சுமார் 35 கிராம். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி. கார அளவு 8 முதல் 9 டிகேஎச். பலர் தவறு செய்வது அளவில் அல்ல, அவசரத்தில். கார அளவு குறைவாக இருக்கிறது என்று ஒரே நாளில் மருந்தைக் கொட்டுவார்கள். குறைவான அளவில் பிழைத்துக் கிடந்த பவளம் அந்தத் திடீர் உயர்வில் சாகும். நைட்ரேட்டை அடியோடு ஒழித்துவிட்டு, பவளம் ஏன் மெலிகிறது என்று கேட்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் பாசிக்கும் கொஞ்சம் உரம் வேண்டும்.

வெயில் ஊர்களுக்கென்று ஒரு கைவைத்தியம் இருக்கிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஓடினால், ஆவியாதல் நீரை 2 அல்லது 3 டிகிரி குளிரவைக்கும். மண்பானையின் அதே தத்துவம். சந்திரகிரியின் வறண்ட கோடையில் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது. ஆனால் ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். குறைந்த நீரை ஈடுகட்ட உப்பு நீரையே ஊற்றுபவர், வெப்பத்திலிருந்து காப்பாற்றிய பவளத்தை உப்பில் கொல்வார். ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்த நீர். ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள நைட்ரேட்டும் சிலிகேட்டும் பாசிக்கு விருந்தாகும்.

இந்தக் கலை பணக்கார நாடுகளின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடற்பாறைகள், கொஞ்சம் காற்றுக் குமிழ், வெயில் இவற்றை மட்டும் கொண்டு தொட்டியில் பவளத்தை வாழவைத்த முறையை அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் பாறையிலேயே இருக்கின்றன என்பதுதான் அதன் சாரம். இன்றைய தொட்டிகளும் அதே அடிப்படையில்தான் நிற்கின்றன.

புலிக்குச் சமம்

சிங்கப்பூரிலோ டொரொன்டோவிலோ உள்ள தமிழர் பண்ணையில் வளர்ந்த பவளத் துண்டைக் கடையில் வாங்கலாம். இந்தியாவில் கதை வேறு. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளமும் கடல் விசிறிகளும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. கடலிலிருந்து ஒரு துண்டை ஒடித்து எடுத்து வந்து தொட்டியில் வைத்தால் 3 முதல் 7 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

கடல் தொட்டி ஆசையை அடக்க முடியாதவர்களுக்குச் சட்டம் கதவை முழுவதும் மூடிவிடவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதன் மண்டபம் மையமும் இந்தப் பணியில் பேர்பெற்றது. பண்ணையில் பிறந்த இந்த மீன்களுக்குத் தொட்டியில் பவளமே தேவையில்லை. செயற்கைப் பாறை போதும்.

சட்டம் வருவதற்கு முன் நடந்தது கொஞ்சநஞ்சமல்ல. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கு விற்பது பல ஆண்டுகள் ஒரு தொழிலாகவே நடந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்த பவள அரண் போனதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-ல் தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டுதல் நிற்கவில்லை. 2001-ன் சட்டமும், 2004 சுனாமியில் பவளப் பாறை எப்படிக் கரையைக் காக்கும் என்று கிடைத்த பாடமும் சேர்ந்துதான் அதை நிறுத்தின.

கடலுக்கு வைத்தியம்

தொட்டிக்காரரின் பரிசோதனைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குப் போனால் ஒவ்வொரு நோயும் அங்கே இருக்கிறது. கழிவுநீரால் மிகும் உரம். பாலிப்பை மூச்சுத் திணறவைக்கும் வண்டல். பாறையில் சிக்கிக் கிழிக்கும் வலை. மிதமிஞ்சிப் பரவும் பாசி.

பாசி விஷயம் சிக்கலானது. கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, உணவுத் தொழிலுக்கு வேண்டிய காராகீனன் என்ற பொருளுக்காக மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் பலருக்கு அது கையில் காசு தந்தது, இன்றும் தருகிறது. 2008-ல் அதே பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கையால் பிடுங்கி எடுத்தாலும், விட்டுப்போன சிறு துண்டிலிருந்து மறுபடி தழைக்கிறது. தொட்டியில் என்றால் ஒரு பாறையை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவலாம். கடலில் பாறையையும் எடுக்க முடியாது, பெண்களின் பிழைப்பையும் எளிதில் எடுத்துவிட முடியாது.

ஆனாலும் வைத்தியம் நடக்கிறது. சுகந்தி தேவதாசன் நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளை நடவு செய்துவருகிறது. ஆரோக்கியமான பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமென்ட் பலகைகளில் பொருத்தி, கடலடியில் சட்டங்களின் மேல் வைக்கிறார்கள். தொட்டிக்காரர் நுனியை வெட்டிக் காப்பாற்றும் அதே உத்திதான், அளவு மட்டும் பெரிது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, செயற்கைப் பாறைகளும் கடலில் இறக்கப்பட்டன.

பலன் இருக்கிறதா? இருக்கிறது, ஒரு எல்லைவரை. வெட்டுதல் நின்ற சில ஆண்டுகளில், 2009-ல், உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 43 சதவீதமாக உயர்ந்தது. 2010 கோடை வெப்பம் அதைச் சுமார் 33-க்கு இறக்கியது. ஐந்தாண்டுகளில் 39-க்கு மீண்டது. அதன் பிறகு வந்த 2016 அந்த மீட்சியை அழித்து, அதற்கும் கீழே கொண்டுபோனது. நடவுக்கு ஏற்றவை வேகமாக வளரும் கிளைப் பவளங்கள். வெப்பத்தில் முதலில் சாவதும் அவைதான். பந்து போலத் திரண்ட பவளங்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஆனால் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்கூடத் தாண்டாமல் வளரும். எதை நடுவது என்பது மன்னார் வளைகுடாவுக்கு மட்டுமல்ல, உலகில் பவளம் நடும் எல்லோருக்கும் உள்ள கேள்வி.

சில இடங்களில் கடலும் தொட்டியும் இடம் மாறிவிட்டன. 2023 ஜூலையில் அமெரிக்காவின் புளோரிடா கடல் கொதித்தபோது, கடலில் நாற்றாக வளர்த்த பவளங்களை ஆயிரக்கணக்கில் தூக்கிவந்து கரையில் உள்ள ஆய்வுக்கூடத் தொட்டிகளில் வைத்தார்கள். நோயாளியை வீட்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியது போல. அதே புளோரிடாவில் 2019-ல், அழியும் நிலையில் இருந்த தூண் பவளத்தைத் தொட்டியில் முட்டையிட வைத்திருந்தார்கள். நிலவையும் பருவத்தையும் விளக்கொளியால் நடிக்கவைத்து பவளத்தை ஏமாற்றும் இந்த வித்தை லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பக்குவப்பட்டது. வரவேற்பறைப் பொழுதுபோக்காகத் தொடங்கிய கைத்திறன் இப்போது விதைநெல்லைக் காக்கும் களஞ்சியமாகிறது.

ஆனால் களஞ்சியம் வயலாகிவிடாது. உலகம் தழுவிய நான்காவது வெளுத்தல் நடப்பதாக 2024 ஏப்ரலில் சர்வதேச அமைப்புகள் அறிவித்தன. அதே ஆண்டு லட்சத்தீவில் பவளங்கள் கடுமையாக வெளுத்திருப்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தெரிவித்தது. வண்டலைக் குறைப்பது, வலையை அகற்றுவது, பாசியைப் பிடுங்குவது, துண்டுகளை நடுவது எல்லாம் தேவைதான். நோயாளியின் உடலைத் தேற்றிவைத்தால் அடுத்த காய்ச்சலில் பிழைக்கும் வாய்ப்பு கூடும். காய்ச்சலே ஆண்டுக்கு ஆண்டு வந்தால் தேறுவதற்கு நாள் எங்கே?

மன்னார் வளைகுடாவிலிருந்து புளோரிடாவரை வெவ்வேறு கடல்களில் பவளம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வாடுகிறது. தொட்டிக்காரரின் முதல் விதியை இங்கே பொருத்திப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. எல்லாம் ஒன்றாக வாடினால், குற்றம் பவளத்தில் இல்லை. நீரில்.