காடு வெட்டிய இரும்பு

இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் கிளிநொச்சியில் குடியேறியவர்களுக்கு விதைநெல்லுக்கு முன்னே கோடாலி தேவைப்பட்டது. பாலையும் முதிரையும் லேசில் சாயும் மரங்களா என்ன!

கடைச்சாமான் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. கிளிநொச்சி வழியாகக் காங்கேசன்துறை வரை ரயில் பாதை 1905இலேயே முடிந்திருந்தது. ஊர்க் கொல்லரோ பழைய லொறி வில்லுத்தகட்டை உலையில் காய்ச்சிக் கத்தியும் நெல்லறுக்கும் தாக்கத்தியும் அடித்தார். அறுவடை நெருங்கினால் சைக்கிள் வியாபாரிகள் அவற்றைச் சாக்கில் கட்டி ஊரூராகக் கொண்டுபோனார்கள்.

தாக்கத்தியின் பற்களைக் கிட்ட நின்று பாருங்கள். பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இழுத்தால் அறுக்கும், தள்ளினால் தாள் வழுக்கும்.

1990இல் போரால் ரயில் நின்றது. அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இரும்பும் சேர்ந்தது. பழைய இரும்புக்கு மவுசு கூடியது.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பியது. அதற்குள் வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது; தாக்கத்திக்கு மிஞ்சியது இயந்திரம் புதையும் சேற்று வயலும் வரப்போர மூலைகளும்.